மார்பளவுப் பள்ளம்

பட்டாளத்துக்காரன் துப்பாக்கி பிடித்த நேரத்தைவிட மண்வெட்டி பிடித்த நேரம்தான் அதிகம். மேலே இருப்பவன் தோண்டச் சொன்னால் தோண்டி, மூடச் சொன்னால் மூடிப் பிழைக்கிற ஜனங்களே, உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

ஜோடிக் கணக்கு

வடக்கே எல்லையில் ஒரு மலைச்சரிவில் எங்களை இறக்கிவிட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பதுங்குகுழி வெட்டணும். பட்டாளத்தில் அதற்கு மோர்ச்சா என்று பேர். முதலில் புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து ஓரமாக வைக்கணும். கடைசியில் புது மண்ணை மறைக்க அதுதான் போர்வை. அப்புறம் படுத்தால் உடம்பு மறைகிற ஆழம். அதிலிருந்து, நின்றால் மார்பு மறைகிற ஆழம். ஒருத்தன் வெட்டும்போது இன்னொருத்தன் காவல்.

அன்றைக்குத்தான் தங்கச்சி போன். நைனாவுக்கு மூச்சு விட முடியலையாம், திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், என்னைத்தான் கேட்டுக்கினு இருக்காராம். ஹவில்தார் ஏழுமலை ஆரணிக்காரர், நல்ல மனுசன். அவரிடம் ஓடிப்போய் லீவு கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தார்.

"மோர்ச்சாவ முடிச்சிட்டுப் போடா. பாதிக் குழியில உன் ஜோடிய விட்டுட்டுப் போனா, நீ திரும்பி வரும்போது அவன் இருக்கமாட்டான்."

யார் மார்பு?

என் ஜோடி முருகையா, நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, லீவு வெறியில் நானே மாங்கு மாங்கென்று வெட்டினேன். இறங்கி நின்று பார்த்தேன். சரியாக மார்பளவு. முடிந்தது என்று ஹவில்தாரைக் கூப்பிட்டேன்.

நான் நெட்டை. முருகையா என் காது உயரம்கூட இல்லை. அவன் இறங்கினதும் முன்னால் குவித்த மண்மேடு அவன் கண்ணை மறைத்தது. நின்று சுட முடியாத குழி குழியே இல்லை என்றார் ஹவில்தார். வெட்டின மண்ணையே திருப்பிக் கொட்டி, இடித்து, அவன் நிற்கிற பக்கத்தை மேடாக்கினோம். ஒரு பகல் பாழாய்ப் போச்சு. கடுப்பில் நான் மண்வெட்டியை வீசி எறிந்தேன். அவன் உள்ளே நின்றபடி சொன்னான்:

"எனக்கு ஆகாசம்தான் தெரிஞ்சிது அண்ணா. எதிரி அங்கேருந்து இறங்கினா நான் பாத்துக்கினு இருந்திருப்பேன்."

புது மண்

மறுநாள் கேப்டன் எதிர்ச்சரிவுக்குப் போய் பைனாகுலரில் எங்கள் வரிசையைப் பார்த்தார். அவசரத்தில் நான் புல்பாளங்களை வெயிலில் போட்டுவிட்டிருந்தேன். எல்லாம் காய்ந்து சருகாகி, பச்சை மலையில் எங்கள் குழி மட்டும் மஞ்சளாகப் பல்லிளித்தது. கேப்டன் மதுரைப் பக்கத்துக்காரர், திட்டக்கூட இல்லை.

"நல்லா வெட்டியிருக்கீங்கப்பா, அதான் அங்கேருந்தே தெரியுது. மூடிட்டு, கொஞ்சம் கீழ தள்ளி வெட்டுங்க."

சித்தூர் மண்

மூடின மண்மேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் இரண்டாவது குழி. அதற்கப்புறம்தான் லீவு. திருப்பதியில் ரயிலை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பேசும்போதே தங்கச்சி போன். அங்கே போகவேணாம், நேரா ஊருக்கு வந்துடு என்றாள். நைனா போய்விட்டார் என்று அதிலேயே புரிந்து, ஆட்டோவை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சித்தூர் பஸ் முழுக்க மொட்டைத் தலையும் லட்டுப் பையும் சிரிப்பும். யாரைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம்.

எங்களில் புதைக்கிற வழக்கம். பங்காளிகள்தான் குழி வெட்டுவார்கள். நான் போனபோது சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கல்லுப் பூமியில் கடப்பாரையோடு மல்லுக்கட்டிக்கினு இருந்தார்கள். பெத்த பிள்ளை வெட்டக்கூடாது என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் குதித்தேன். உயிரோடு இருக்கும்போது முகம் காட்டாதவன், இதையாவது செய்யலாமே என்றுதான். எவ்வளவு நேரம் வெட்டினேனோ தெரியாது. நிமிர்ந்தபோது, அவர்கள் குறித்த நீளத்தில் பாதி அப்படியே கிடந்தது. மீதியில் ஆள் நிற்கிற மாதிரி மார்பளவுக்கு இறக்கி, மண்ணையெல்லாம் முன்பக்கம் குவித்து, முழங்கை ஊன்றிச் சுடுவதற்கு விளிம்புகூடச் செதுக்கியிருந்தேன். சித்தப்பா குனிந்து கை நீட்டினார்.

"ஏறி வாடா. உங்க நைனா நின்னுக்கினு இருக்கப் போறதில்ல, படுக்கத்தான் போறாரு."

எல்லையானாலும் இடுகாடானாலும், நான் முதல் தடவை வெட்டின குழி எதுவும் இதுவரை சரியாக அமைந்ததில்லை.