அக்கரை இல்லாத அப்பா

நான் பொய் சொன்னால்கூட அம்மா பொறுத்துக்கொள்வார். ‘ர’வையும் ‘ற’வையும் குழப்பினால் பொறுக்கமாட்டார். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் கரி வேண்டும் என்று கேட்டால், “அடுப்புக்கரியோ, மீன்கறியோ? திருப்பிச் சொல்லு” என்பார். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டுக் களைத்து வந்து சோபாவில் சாய்ந்திருக்கும்போதும், மூடிய கண்ணைத் திறக்காமலே திருத்துவார்.

அந்த வருடம் அப்பா எங்களோடு இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை போனதும், கிழக்கே வெகு தொலைவில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் நண்டுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவர். ஒரு கோடைக்கு மட்டும் என்றுதான் பேச்சு. கோடை முடிந்து, பனி கொட்டி, மறுகோடையும் வந்துவிட்டது. அப்பாதான் வரவில்லை. தொலைபேசியில் பேசுவதும் தேய்ந்துகொண்டே போனது. ஒருநாள் அம்மா சித்தியிடம் சொன்னதை என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்: “அந்தாளுக்கு எங்களில ஒரு அக்கரையும் இல்லை.”

அக்கரை எனக்குத் தெரிந்த சொல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறு ஒன்றை வரைந்து, இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை என்று சொல்லித் தந்திருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் அது இல்லாமல் போனது என்று கொஞ்சம் யோசித்தேன். அவர் இருக்கிற ஊர் அப்படியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், “இந்தமுறை ஆளைக் கையோட கூட்டிக்கொண்டுதான் வருவன்” என்று சித்தியிடம் சொல்லிவிட்டு அம்மா என்னோடு புறப்பட்டார். திரும்பும்போது மூன்று பேருக்கும் கப்பலில் இருக்கை கேட்டுப் பதிந்திருந்தார். அந்த ஊருக்குப் போகத் தெரு கிடையாது. பகல் முழுக்க பஸ்ஸில் போய், அங்கிருந்து சாமான் ஏற்றும் கப்பலில் போகவேண்டும். கப்பல் ஆடிய ஆட்டத்தில் நான் வழியெல்லாம் சத்தி எடுத்தேன். அம்மா கறித்தூள் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

மரம் இல்லாத பாறை, பனிப்புகார், மரவீடுகள் கொஞ்சம், எங்கும் நண்டு மணம். அவ்வளவுதான் ஊர். அப்பா இறங்குதுறையில் நின்றார். தாடி வளர்த்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைப் பார்த்து ‘போன்ஜூர்’ என்றார்கள். அவரும் வாய்விட்டுச் சிரித்துப் பதில் சொன்னார். மொன்றியலில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா நிலத்தைப் பார்த்தபடி நடந்தார்.

அப்பாவின் அறையில் அம்மா நண்டுக்கறி வைத்தார். முன்பெல்லாம் அப்பா சட்டியை வழித்துச் சாப்பிடுகிற கறி அது. “நண்டெண்டாலே இப்ப குமட்டுது” என்று சொல்லிவிட்டு அவர் பாணில் பட்டர் பூசிச் சாப்பிட்டார். பிறகு என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார்.

நான் உற்று உற்றுப் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது.

“அம்மா சொன்னது சரிதான்,” என்றேன். “உங்களுக்கு ஒரு அக்கரையும் இல்லையாம்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

“இருக்கு பிள்ளை,” என்றார் கடலையே பார்த்துக்கொண்டு. “இஞ்ச நிண்டு பாத்தாத் தெரியாது.”

ஓடிப்போய் அம்மாவிடம் அதை ஒப்புவித்தேன். சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “திருப்பிச் சொல்லு,” என்றார். எங்கோ பிழைவிட்டுவிட்டேன் என்று பயந்து, “அக்கரை இருக்காம், இஞ்ச நிண்டு பாத்தாத் தெரியாதாம்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அம்மா கழுவிய சட்டியை மறுபடி கழுவத் தொடங்கினார்.

அடுத்த நாள் அப்பா எங்கள் பையைக் கப்பலுக்குள் கொண்டுவந்து இருக்கைக்குக் கீழே வைத்தார். அவர் கையில் தன்னுடைய பை எதுவும் இல்லை.

“வாங்கோவன்,” என்றார் அம்மா. அதற்கு முன்னும் பின்னும் அம்மாவின் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

“நீங்கள் போங்கோ, நான் பேந்து வாறன்,” என்று அப்பா என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப்போனார்.

கப்பல் நகர்ந்தது. அப்பா இறங்குதுறையில் நின்று கையசைத்தார். நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே போக, எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்ட சந்தோஷம்.

“அம்மா, இப்ப அப்பா நிக்கிறதுதான் அக்கரை.”

“ஓம்,” என்றார் அம்மா. யன்னல் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

வல்லின றகரம் போட்டு அக்கறை என்று இன்னொரு சொல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு எழுத்துப் பிழையைக்கூட விட்டுவைக்காத அம்மா அன்று திருத்தாதபடியால், என் நாக்கு ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று நினைத்தேன். அந்த நிம்மதியில், காலியாகக் கிடந்த மூன்றாவது இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.