மீசை இல்லாமல் வந்த மீசைக்காரர்

‘மீசைக்காரரே!’ என்று ஊரில் யார் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பவர் ஒரே ஒருவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சலூன் வைத்திருந்தவர். அது சாதாரண மீசை இல்லை. காலையில் அவருக்கு முன்னால் மீசை கடைக்குள் நுழைந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் மீசையைப் பார்த்துப் பயந்தே தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வேலை சுலபமாக முடியும்.

அந்த மீசையை அவர் தன் கையால் ஒருநாளும் திருத்தியதில்லை. சலூனில் இரண்டு நாற்காலி. ஒன்று அவருடையது, இன்னொன்று பார்ட்னருடையது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் இவர் உட்காருவார், பார்ட்னர் வேலை செய்வார். பிறகு பார்ட்னர் உட்காருவார், இவர் வேலை செய்வார். இரண்டு பேரும் கடை திறந்த நாளிலிருந்து இப்படித்தான். அடுத்தவன் முகம் என்றால் மீசைக்காரர் கை கண்ணை மூடிக்கொண்டு போகும். தன் முகம் என்றால் கை நின்று வழி கேட்கும். கண்ணாடியில் வலது இடதாகிவிடும், கத்தரிக்கோல் மூக்குக்குள் போகப் பார்க்கும். அதனால் அவரவர் முகம் மற்றவர் பொறுப்பு என்று ஏற்பாடு.

மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். இவருக்கு விசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்று போக்குக் காட்டியதில் மகள் தவழ்கிற வயதைத் தாண்டி, பேசுகிற வயதைத் தாண்டி, எதிர்த்துப் பேசுகிற வயதுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு மீசை. தினமும் கண்ணாடித் திரையில் எச்சில் பண்ணி மீசைக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போவாள்.

ஒருவழியாக விசா வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தார். நாற்காலியைப் பார்ட்னரிடம் ஒப்படைத்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை பார்ட்னர் வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“அங்க போயி எவன் கையிலயும் மீசையக் குடுத்துடாதே.”

“பின்ன என்னய்யா பண்றது?”

“விடு, வளரட்டும். தரையில இழுபட்டா சொல்லு. நான் பிளேன் புடிச்சு வரேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பார்ட்னர் மட்டும் துண்டை உதறுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய், ரொம்ப நேரம் உதறினார்.

விமானத்தில் அவருக்கு நடு சீட். இந்தப் பக்கம் ஒருவர் குறட்டை. அந்தச் சத்தத்தில் விமானத்துக்கு எஞ்சினே தேவையில்லை. அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை. குறட்டை நின்றால் அது ஆரம்பிக்கும், அது நின்றால் குறட்டை ஆரம்பிக்கும். நின்றுகொண்டே தொழில் செய்த கால்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வீங்கி, ஷூவுக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடித்தன. ஒரு விமான நிலையத்தில் இறக்கி இன்னொரு விமானத்தில் ஏற்றினார்கள். அங்கேயும் நடு சீட். இந்த உலகத்தில் ஜன்னல் சீட் என்று ஒன்று இருப்பதே வதந்தி என்று முடிவு கட்டினார்.

மறுபடியும் இறக்கியபோது அவருக்கு நிற்கத் தெம்பில்லை. மனைவி இருக்கும் நாடு வந்துவிட்டது. அவள் ஊருக்கு இங்கிருந்து இன்னொரு சின்ன விமானம். நடுவில் நாலு மணி நேரம். ‘அப்பாடா, நாலு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டாங்க’ என்று நினைத்துக்கொண்டார்.

அங்கேதான் தப்பு. மனைவி போனில் தலைப்பாடாகச் சொல்லியிருந்தாள். “அந்த நாட்டுல முதல்ல எங்க இறங்குறீங்களோ அங்கயே பாஸ்போர்ட்ட பாத்து உள்ள விடுவாங்க. பெட்டிய அங்கயே எடுத்து, திரும்பவும் போடணும். சும்மா உக்காந்துடாதீங்க.” அவள் சொன்னபோது இவர் கையில் ஒருவருடைய பாதித் தலை இருந்தது. ‘உம், உம்’ என்றார். அந்த உம், தலைக்குச் சொந்தக்காரருக்கா மனைவிக்கா என்று அவருக்கே தெரியாது. பாஸ்போர்ட் சமாச்சாரமெல்லாம் கடைசி ஊரில் என்று நினைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கழிப்பறைக்குப் போனார்.

கண்ணாடியில் பார்த்தார். முகம் பிழிந்து போட்ட துண்டு மாதிரி இருந்தது. அதைவிட, சீட்டில் சாய்ந்து தூங்கியதில் மீசையின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் நின்றது. இப்படியே போய் மகள் முன்னால் நின்றால்? நேரமோ கொட்டிக் கிடக்கிறது. முந்தின விமான நிலையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் ரேசர் ஒன்று பையில் இருந்தது. லேசாக ஓரத்தை மட்டும் சரி பண்ணலாம் என்று நினைத்தார்.

இடது பக்கம் கொஞ்சம் எடுத்தார். வலது பக்கம் நீளமாகத் தெரிந்தது. வலது பக்கம் எடுத்தார். இப்போது இடது பக்கம் குண்டாகத் தெரிந்தது. தூக்கக் கலக்கம் வேறு. கண்ணாடியில் ரேசர் இந்தப் பக்கம் போனால் உதட்டில் அந்தப் பக்கம் போகிறது. சமன் பண்ணிச் சமன் பண்ணி, கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு வண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் மானம் போகும். அதையும் எடுத்தார். உதட்டில் மூன்று இடத்தில் வெட்டு. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டிக்கொண்டார். கண்ணாடியில் யாரோ ஒரு பாங்க் குமாஸ்தா, அழுதுவிடுகிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உட்கார நாற்காலி தேடி வெளியே வந்தால், எல்லாரும் ஒரே பக்கமாகப் போனார்கள். பின்னாலேயே போனார். அங்கே ஒரு பெரிய கூடம், அதில் ஒரு வரிசை. கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். அந்த வரிசையை நிமிர்த்தி வைத்தால் அவர் வீடு வரைக்கும் போய், பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கும். ‘உம்’ கொட்டிய விஷயம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

நின்றார். கூட நின்றவர்கள் முகமெல்லாம் அவர் முகம் மாதிரியே இருந்தன. ஒரு பெரியவர் நடந்துகொண்டே தூங்கினார், கயிறு முடிகிற இடத்தில் சரியாகத் திரும்பவும் செய்தார்.

கூண்டுக்குள் இருந்த அதிகாரி அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். விரலை வைக்கச் சொன்னார். வைத்தார். மெஷினில் சிவப்பு. துடைத்து வைத்தார், சிவப்பு. தண்ணீரிலும் சோப்பிலும் படிகாரத்திலும் ஊறி ஊறி ரேகையெல்லாம் எப்போதோ வழுவழு என்றாகியிருந்தது. விசாவுக்கு ரேகை எடுத்தவனே தலையில் அடித்துக்கொண்டுதான் எடுத்தான். அவர் இன்னார் என்று சொல்ல மிச்சம் இருந்தது முகம். அந்த முகத்தில் முக்கியமானதைக் கழிப்பறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மேஜை மேல் ஒரு போன். அதிகாரி அம்மாள் ஒரு பொத்தானை அமுக்கினார். போனுக்குள்ளிருந்து நம் பேச்சில் ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம்ண்ணா. மேடம் கேக்குறத நான் சொல்றேன். நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டிக் கொறைச்சு சொல்ல மாட்டேன்.”

“தங்கச்சி, நீயாச்சும் வந்தியே!” என்றார் மீசைக்காரர். அதையும் அந்தப் பெண் அப்படியே மொழிபெயர்த்திருக்க வேண்டும். அதிகாரி அம்மாள் புருவத்தைத் தூக்கினார்.

“படத்துல இருக்கிறது யாருன்னு கேக்குறாங்க.”

“நான்தான்.”

“அப்ப இங்க உக்காந்திருக்கிறது?”

“அதுவும் நான்தாம்மா.”

“என்ன தொழில்?”

“முடி திருத்துறது. ஷேவிங்.”

அதிகாரி அம்மாளின் கண் உதட்டில் ஒட்டியிருந்த டிஷ்யூத் துண்டுகளுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தது. ஏதோ கேட்டார். போனுக்குள் ஒரு இருமல் கேட்டது. தங்கச்சி சிரிப்பை முழுங்குகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

“அண்ணா… இத செஞ்சது யாருன்னு கேக்குறாங்க.”

“நான்தான்.”

“நீங்க நிஜமா சலூன்காரர்தானான்னு கேக்குறாங்க.”

அவர் விளக்கினார். ஊருக்கே செய்வேன், எனக்கு நான் செய்ததே இல்லை, பார்ட்னர்தான் செய்வார் என்றார். கையை ஆட்டி, கண்ணாடியைக் காட்டி, வலது இடதாகிற கதையெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. மீனவனுக்கு நீச்சல் தெரியாது என்கிற மாதிரி ஒரு பொய்.

“மேடம் சொல்றாங்க, நீங்க வேற ஆளோட பாஸ்போர்ட்ல வந்திருந்தா இப்பவே சொல்லிடணுமாம். அப்புறம் தெரிஞ்சா திரும்புற பிளேன்ல ஏத்திடுவாங்களாம்.”

திரும்பி எங்கே போவது? வீட்டில் வேறு யாரோ குடிவந்தாயிற்று. அவர் நாற்காலிக்குப் பின்னால் புது ஆள் நின்று வேலை செய்கிறான். திரும்பும் விமானத்தில் எப்படியும் நடு சீட்தான் கொடுப்பார்கள். இதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தலையை மேஜையில் வைத்துவிடலாம் போல இருந்தது.

“எம் பொண்டாட்டிக்குப் போன் போடச் சொல்லும்மா. அவ சொல்லுவா.”

அதிகாரி அம்மாள் கம்ப்யூட்டரில் இருந்த நம்பருக்கு வீடியோ போட்டார். கேட்டால் ஒழிய இவர் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மனைவி எடுத்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது யாரு?” என்றாள், அதிர்ச்சியில் நம் பேச்சிலேயே.

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார்.

“எங்க வீட்டுக்காரர் எங்கங்க? அவருக்கு என்னங்க ஆச்சு? யாரோ ஒருத்தரக் காட்டுறீங்க?”

அதிகாரி அம்மாள் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். தங்கச்சி சொன்னாள்: “உங்க வீட்டுக்காரர் வீட்டுல தானே ஷேவ் பண்ணிக்குவாரான்னு கேக்குறாங்கக்கா.”

“இது ஒரு கேள்வியாங்க இப்ப? அவரா? கிழிச்சார். அவரு முகத்துல அவரு கையே வைக்க மாட்டார். எல்லாம் பார்ட்னர்தான். எங்க கல்யாணத்தன்னிக்கு பார்ட்னர் வந்த பஸ்ஸு லேட்டாயிடுச்சுன்னு மாப்பிள்ள முள்ளுத் தாடியோட ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு உக்காந்துட்டார். எங்கப்பா மாப்பிள்ள ஓடிட்டார்னே நெனச்சிட்டார். அப்படிப்பட்ட ஆளு…”

சட்டென்று நிறுத்தினாள். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“ஏங்க? நீங்களா?”

உத்தரவாவது ஒன்றாவது. “நான்தான்மா” என்றார்.

“அடப்பாவி மனுஷா! உங்களுக்கு அறிவு இருக்கா? யாரு உங்கள அதத் தொடச் சொன்னது? ஒரு நாள் விட்டா ஒழுங்கா வந்து சேரத் தெரியல? தேங்கா துருவின மாதிரி துருவி வச்சிருக்கீங்களே உதட்ட!”

போனுக்குள் தங்கச்சி தயங்கினாள். “மேடம் எல்லாத்தையும் சொல்லச் சொல்றாங்க… இதையும் சொல்லட்டுமாண்ணா?”

“சொல்லும்மா. அதுதான் முக்கியம்” என்றார் மீசைக்காரர்.

அவள் ஒரு வரி விடாமல் சொன்னாள். தேங்காய்க்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அதிகாரி அம்மாள் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, எதுவுமே நடக்காத முகத்தோடு, பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தினார்.

போனை வைப்பதற்கு முன்னால் திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. “அம்மா, யாரும்மா அது?” என்று கேட்டது. பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது.

பெட்டி சுற்றுகிற பட்டையில் எல்லாப் பெட்டியும் போய், அவருடையது மட்டும் ஒரு ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடினார் என்றால் மரியாதைக்குச் சொல்வது. ஆமை முந்தியிருக்கும். விமானம் போய்விட்டது. கவுன்டரில் இருந்த பெண் அடுத்த விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தாள். எங்கே உட்கார்ந்தார், எப்போது கிளம்பியது, பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. அது ஜன்னல் சீட் என்பதே இறங்கும்போதுதான் தெரிந்தது.

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். இரண்டு வார்த்தை திட்டத் தயாராக வந்தவள், அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் காலுக்குப் பின்னாலிருந்து மகள் பாதி முகத்தைக் காட்டினாள். இவர் கையை நீட்டினார். அவள் வரவில்லை. குட்டி, தங்கம், செல்லம் என்று எதைச் சொல்லவும் அவரிடம் தெம்பில்லை. அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இப்போது இரண்டு பேரும் ஒரே உயரம்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கப்பா எங்க?”

“வந்துட்டே இருக்கார். வளர்ந்து வரணும்ல. ஒரு மாசம் ஆகும்.”

“நீங்க யாரு?”

“அதுவரைக்கும் உங்கூட இருக்கச் சொல்லி அனுப்பினாங்க.”

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். மகள் யோசித்தாள். ரொம்பவே யோசித்தாள். மீசைக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண் தானாக மூடுவதைத் திறந்து திறந்து பிடித்தபடி காத்திருந்தார்.

“எங்க தூங்குவீங்க?” என்றாள்.

“நீ எங்க சொன்னாலும் தூங்குவேன்மா. இங்கயே சொன்னாலும் சரி.”

“இங்கல்லாம் தூங்கக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தினாள். “சோபாவுல தூங்கலாம்.”