கொதிக்கும் தாரில் ஒரு வாளித் தண்ணீர்

வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த என் அண்ணன், அங்கே நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த முட்டம் ஊர்க்காரரைச் சவப்பெட்டியில் அனுப்பியிருந்தார்கள்.

அடக்கத்துக்கு நானும் அண்ணன் பெண்டாட்டி மைனியும் அவனோடு போனோம். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். இறந்தவரின் அம்மா பெட்டியை விட்டு எழுந்து வந்து என் அண்ணனின் நெஞ்சில் இரண்டு கைகளாலும் மாறி மாறிக் குத்தினாள்.

"நீ மட்டும் எப்பிடில வந்தே? சொல்லுல, நீ மட்டும் எப்பிடி வந்தே?"

அவள் ஓயும்வரை அண்ணன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். சட்டைப் பொத்தான்கள் தெறித்து மணலில் விழுந்தன. வீட்டுக்கு வருகிற வழியில் பேருந்தின் சன்னல் கம்பியைப் பிடித்தபடி அவனாகவே என்னிடம் சொன்னான்.

"பழைய குழாயாக்கும் மக்கா. உள்ள கந்தகம் அரிச்சு மெலிஞ்சு போச்சு. ஆலைய நிறுத்தாம இருக்கணும்னு மெலிஞ்ச இடத்துல கறுப்புத் துணி ஒண்ண பசையில முக்கிச் சுத்தியிருந்தானுவ. துணி சுத்துன இடம் அப்படியே நின்னுச்சு. அதுக்கு ஒரு முழம் தள்ளி, சுத்தாத எல்போ வளைவு காகிதம் மாதி கிழிஞ்சிட்டு. அவன் அதுக்கு நேர நின்னான். நான் துணிக்கு நேர நின்னேன்."

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. அந்தத் துணி கார்பன் இழையில் நெய்தது என்று எனக்குத் தெரியும். விமானத்துக்குப் போடுகிற உயர்ந்த இழையை அக்ரிலிக் என்ற செயற்கை நூலிலிருந்து எடுக்கிறார்கள். எண்ணெயைக் காய்ச்சி எல்லாவற்றையும் பிரித்தபின் அடியில் தங்கும் தாரிலிருந்தும் இழை எடுக்கலாம், அதற்கு பலம் கொஞ்சம் குறைவு. ஏதாவது பேசி அவன் மனதை மாற்றத்தான் அன்று இதைச் சொன்னேன்.

அவன் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான். "கசண்டுலருந்தா? நாங்க தூரத் தள்ளுத அந்த அடிக்கசண்டுலருந்தா?"

மறுவாரமே, அந்த இழையை நாங்களே எடுத்துப் பார்க்க, எங்கள் தென்னந்தோப்பின் கோடியில் தகரக் கொட்டகை எழும்பியது.

ரோட்டுக்குப் போடுகிற தாரை டிரம் கணக்கில் வாங்கி வந்தான். மேல்மூடியை வெட்டி எடுத்த டிரம்மில் அதை ஊற்றி, அடியில் எரிவாயு அடுப்பை வைத்துக் காய்ச்சி, ஒரு குழாய் வழியாகக் காற்றை உள்ளே செலுத்துவான். லேசான எண்ணெயெல்லாம் புகையாகப் போய்விட்டால் மிச்சமிருக்கும் தார் கெட்டிப்படும். அதை ஒரு கனத்த இரும்பு உருளைக்குள் மாற்றி மறுபடி உருக்கி, நைட்ரஜன் வாயுவால் அழுத்தி, அடியில் இருக்கும் ஊசித் துளைகள் வழியாகப் பிதுக்க வேண்டும். பிதுங்கி வருவதைத் தையல் மிஷின் மோட்டார் சுழற்றும் ஒரு சக்கரம் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். உருளையும் சக்கரமும் அவன் லேத்தில் கடைந்தவை. எந்தச் சூட்டில் எத்தனை நேரம் என்பது என் பொறுப்பு. சனி, ஞாயிறுகளில் நானும் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தேன். உண்மையைச் சொன்னால், வகுப்பறையைவிட அங்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் நூல் வந்தபோது அது தலைமயிரைவிட மெல்லியதாக, பழுப்பும் கறுப்புமாக மினுங்கியது. அதை மெதுவாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் பிறகு உருகாமல் கரியாகும். அண்ணனுக்குப் பொறுமையில்லை. நான் கல்லூரியில் இருந்த நேரம் பார்த்து அடுப்பின் சூட்டைச் சட்டென்று ஏற்றிவிட்டான். நூலெல்லாம் உருகி ஒட்டி ஒரு கட்டியாகிவிட்டது. நான் வந்து பார்க்கும்போது அந்தக் கட்டியை எடுத்து அடுக்களைச் சன்னலில் எறிந்துகொண்டிருந்தான். கண்ணாடி உடைந்து மைனியின் புருவத்தைக் கிழித்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவள் முந்தானையால் பொத்திக்கொண்டு உலைக்கு அரிசி களைந்தாள்.

"ஆசுபத்திரிக்கு வா மைனி."

"சோறு வடிச்சிட்டு வாறேன்" என்றாள்.

அவன் தீயைப் பார்த்துவிட்டு வந்தவன், அதுதான் இப்படி என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நூல் சரியாக வந்தது. பதப்படுத்தி, காற்றில்லாத உலையில் வைத்துக் கரியாக்கினோம். ஒரு குழாய்த் துண்டை அரத்தால் ராவி மெலிய வைத்து, பசையில் தோய்த்த எங்கள் நூலை அதன்மேல் சுற்றி, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றினோம். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. குழாய் வேறு இடத்தில் வெடித்தது, நூல் சுற்றிய இடம் நின்றது. அண்ணன் வெடித்த குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். முட்டத்துக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதான்.

ஆனால் அந்தப் புகை. டிரம்மில் காற்று ஊதும்போதெல்லாம் மஞ்சள் கலந்த புகை எழுந்து, வேலிக்கு அப்பால் இருக்கும் வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டுக்குள் போகும். அவர் மனைவிக்கு இழுப்பு நோய். முதலில் அவர் தன்மையாகத்தான் வந்து கேட்டார்.

"தம்பி, இவளால மூச்சு விட முடியல. வேற எங்கயாவது கொண்டு போய் வையும்."

"டயரா எரிக்கேன் அண்ணாச்சி? இது என்னன்னு ஒமக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னத்துக்குத் தெரியணும்? நாறுது. அது தெரியும்."

புகையைக் குளிரவைத்து எண்ணெயாகப் பிடிக்க ஒரு தொட்டி கட்டலாம் என்று நான் சொன்னேன். செய்யலாம், செய்யலாம் என்றான், செய்யவில்லை. அவர் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் நிறுத்தி மறுபடி தொடங்கினான். ஒரு நாள் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி வெட்டிக் கிடந்தது. அண்ணன் அருவாளை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினான். குலை தள்ளி நின்ற செவ்வாழைகளை ஒரு வரிசை முழுக்க வெட்டிச் சாய்த்தான். வெட்டுப்பட்ட வாழையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவன் முகத்திலும் நெஞ்சிலும் வழிந்தது. நான் வேலிக்கு இந்தப்புறம் நின்று கூப்பிட்டேன். அவன் காதில் விழவில்லை.

இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். டிரம்மில் முக்கால்வாசித் தார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கொட்டகையின் வாசலில் சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரின் மனைவிக்கு இழுப்பு அதிகமாகி விடியற்காலையில்தான் தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாயில் மூடி வைத்து மூச்சு மருந்து கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது. வந்து படுத்தவளுக்கு மறுபடி புகை.

அவர் வேலியை மிதித்துச் சாய்த்துக்கொண்டு வந்தார். கையில் இரும்பு வாளி, நிறையத் தண்ணீர். அடுப்பை அணைக்கத்தான் வந்தார். குனிந்த வாகிலேயே எனக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, தண்ணி வேண்டாம்! தண்ணி வேண்டாம்!" என்று நான் கத்தினேன்.

அண்ணன் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தான். அவர் முழங்கையால் அவன் வாயில் இடித்தார். இரண்டு பேரும் டிரம்மைச் சுற்றிக் கட்டிப் புரண்டார்கள். அவர் மறுபடி அடுப்பை நோக்கி வாளியைச் சாய்க்க, அண்ணன் கையை ஓங்கி வாளியை மேல்நோக்கி அடித்தான். வாளி எழும்பிக் கவிழ்ந்தது. தண்ணீர் முழுவதும் டிரம்முக்குள் விழுந்தது.

சத்தம் பிறகுதான் கேட்டது. முதலில் தார் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். கொட்டகைக் கூரை உயரத்துக்கு, கறுப்பாக, ஒரு மரம்போல நின்றது. அடுத்த நொடி தகரமெல்லாம் ஆணி வைத்து அறைந்ததுபோல் அதிர்ந்தது. தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி, கொதிக்கும் தாரைக் கொத்துக் கொத்தாக வீசியது. விழுந்த தார் அடுப்பில் பட்டு எரிந்தது. நான் பின்னால் மண்ணில் விழுந்தேன். எழுந்தபோது இரண்டு கறுப்பு உருவங்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தன. யார் யாரென்று தெரியவில்லை.

தோட்டக்காரர் தன் கன்னத்தில் ஒட்டிய தாரைப் பிடித்து இழுத்தார். தாரோடு தோலும் வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பிய்க்காதிங்க அண்ணாச்சி! பிய்க்காதிங்க! மைனி, ஓஸ்குழாய எடுத்துட்டு வா!"

தார் ஒட்டியபின்னும் உள்ளே சூடு இருக்கும், அது வெந்துகொண்டே போகும். தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். மைனி குழாயை இழுத்துக்கொண்டு வந்து அண்ணன்மேல் பிடித்தாள். நான் வாளியில் மொண்டு அவர்மேல் ஊற்றப் போனபோது, மூச்சுக்குத் திணறிக்கொண்டே ஓடி வந்த அவர் மனைவி என் மயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தண்ணியிலதானட்டி வெடிச்சுது! இன்னும் ஊத்திக் கொல்லப் பாக்கியா?"

அவள் அடிக்க அடிக்க நான் ஊற்றினேன். முதுகில் விழுந்த அடிகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றினேன்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே வார்டில் போட்டார்கள், நடுவில் ஒரு திரை. அவருக்கு இடது கண் போய்விட்டது. அண்ணனுக்கு வலது கை முழங்கைவரை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கின. கட்டு மாற்றும்போது திரையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலறல் எழும்.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வருகிற அன்று அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"அவன்தான் டிரம்முல ஊத்துனான்னு சொல்லு. ஊத்தணும்னே வந்தான்னு சொல்லு."

"அவரு அடுப்புல ஊத்த வந்தாரு அண்ணே. வாளிய நீதான் தட்டுன."

"நீ எனக்குத் தங்கச்சியா, அவனுக்கா?"

"நான் பாத்ததத்தான் சொல்லுவேன்."

நல்ல கையால் அறைந்தான். நான் மருந்துத் தட்டின்மேல் விழுந்தேன். புட்டிகள் உருண்டன. திரைக்கு அந்தப்பக்கம் முனகல் நின்றது; அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வராந்தாவில் நின்ற போலீஸ்காரரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். எந்தச் சூட்டில் இருந்தது என்பது முதல், பஞ்சாயத்து நிறுத்தச் சொன்னபின்னும் நாங்கள் எரித்தோம் என்பதுவரை.

மைனி அப்போது கதவருகில் தூக்குச்சட்டியோடு நின்றாள். அவன் அறைந்ததைப் பார்த்திருந்தாள். சட்டியை ஸ்டூலில் வைத்துவிட்டு, "வா மக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போனாள். தீயில் டிரம்மும் கூரையும்தான் போயிருந்தன. மூலையில் இருந்த இரும்பு உருளையும் நூல் சுற்றும் சக்கரமும் தப்பியிருந்தன. அவள் கடப்பாரையை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் ஒரு போடு போட்டாள். பிறகு மோட்டாரை. பிறகு ஊசித் துளைத் தகட்டை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தகட்டில் துளை போட அண்ணன் எத்தனை ஊசிகளை முறித்தான் என்று எனக்குத் தெரியும். மைனி திரும்பி என்னைப் பார்த்தாள். புருவத்தில் இருந்த தழும்பு சிவந்து துடித்தது.

"இந்தச் சவத்துக்குத்தான் நாம எல்லாரும் அடி வாங்குனோம். ஒனக்கு வேணுமாட்டி இது?"

நான் விலகி நின்றேன். உருளை மட்டும் உடையவில்லை. கை கொப்புளித்து ரத்தம் வரும்வரை அடித்துப் பார்த்துவிட்டு, அதைத் தரையில் உருட்டிக்கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளினாள். ஒரு பெரிய சத்தம் கேட்டது. அவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

அண்ணன் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, நேரே கொட்டகைக்குப் போய், திரும்பி முற்றத்துக்கு வந்தான்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றாள் மைனி. கையில் தேங்காய் உரிக்கிற பாரை. அவன் கை எழுந்தது. அவள் நகரவில்லை. "அடியும். அடிச்சுப் பாரும். இனி வாங்கிட்டுச் சோறு வடிக்க மாட்டேன்."

கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு அவன் அதைத் தாழ்த்தினான். வேறு எதுவும் நடக்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்தான், அவள் பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வழக்கு இழுத்துக்கொண்டு போனது. பத்மநாபபுரம் கோர்ட்டில் அண்ணனைக் கூண்டில் ஏற்றியபோது, வக்கீல் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு, "வாளிய நான்தான் தட்டுனேன். அவரு அடுப்ப அணைக்கத்தான் வந்தாரு" என்றான். என்னைப் பார்க்கவில்லை. அபராதம் விதித்தார்கள், கொஞ்ச காலம் சிறை. மேல்முறையீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டு வந்தான். இப்போது தக்கலையில் ஒரு லேத் பட்டறையில் இடது கையால் வேலை பார்க்கிறான். என்னோடு பேச்சில்லை. தீபாவளிக்கு மைனி பலகாரம் கொண்டு வருவாள். எல்லாரும் நலம்தானா என்று அவளிடம் கேட்பேன். நலம்தான் என்பாள்.

தோட்டக்காரரைப் போன மாதம் இரணியல் ஸ்டேஷனில் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கன்னத்துத் தோல் சுருங்கி வாயின் ஒரு முனையை மேலே இழுத்திருந்தது. நான் விலகிப் போகலாம் என்று நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"அன்னைக்கு எம்மேல தண்ணி ஊத்துனது நீயாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"டாக்டர் சொன்னாரு, இல்லைன்னா மத்தக் கண்ணும் போயிருக்கும்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்காக ஒங்க அண்ணன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காண்டாம். என்னால முடியாது."

"மன்னிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "ஒங்க வீட்டு அக்கா எப்படி இருக்கா?"

"மூச்சு விடுதா" என்றார். ரயில் வந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. பார்வையில்லாத பக்கத்திலிருந்து ஒருவன் மோதி அவரைத் தள்ளினான். அவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டு, கம்பியைத் தடவிக் கண்டுபிடித்து, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.