கை தட்டியதால் போன வழி

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்காரன் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன குழிகளில் ஒன்று கொளஞ்சியம்மாளின் நிலம். அவள் அப்பன் ஆயுசெல்லாம் அடுத்தவன் வயலில் மண்வெட்டி பிடித்து, கடைசிக் காலத்தில் தன் பேருக்கு வாங்கிய மண் அது. வீட்டுக்கு ஒரு வேலை தருகிறோம் என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள். தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவள் புருஷனுக்குக் காண்டிராக்டில் மூட்டை ஏற்றும் வேலை. தூசியைத் தின்று தின்று இருமியே செத்தான்.

அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. ஆடு வாங்கினாள். குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சுற்றிலும் செங்குத்தான சுவர். அந்தக் காலத்தில் லாரி இறங்கிய சரிவு ஒன்றுதான் கீழே போக வழி. கோடையில் ஏரி வெடித்துக் கிடக்கும்போது ஊர் ஆடு முழுக்க அதில் இறங்கித்தான் குடிக்கும்.

இப்போது அரசாங்கமும் ஆலையும் கூட்டுச் சேர்ந்து பழைய ஆலை நகரத்துக்குப் புத்துயிர் கொடுக்கிறார்களாம். உயிரை எடுத்தவனே கொடுக்கவும் வந்திருக்கிறான்! குழியில் படகு, கரையில் பூங்கா, வாசலில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு டைனோசர் பொம்மை. சித்திரையில் ஒருநாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால், சரிவின் தலைப்பில் இரும்புக் கேட். பூட்டு.

ஆலையில் ஊர்க்காரர்களிடம் பேசுவதற்கென்றே மணிவண்ணன் என்று ஒருத்தன் இருந்தான். நேரே அவனிடம் போனாள்.

"யாரக் கேட்டுய்யா வழிய அடைச்சீங்க?"

"உங்களத்தாம்மா கேட்டோம்." போனில் படம் ஓட்டிக் காட்டினான். தை மாதம் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி பேசிவிட்டு உட்காருகிறார். ஊரே கை தட்டுகிறது. முன் வரிசையில் கொளஞ்சியம்மாள், எல்லோருக்கும் முந்தி.

"பாதைய மூடுறதையும்தான் சொன்னாரு. நீங்கதான் மொதல்ல தட்டுறீங்க, பாருங்க. எல்லாருக்கும் சம்மதம்னு மேல அனுப்பியாச்சு."

"மைக்கு கொர்ருன்னு கெடந்துச்சு, அவரு சொன்னது எந்தக் காதுல ஏறுச்சு? ஒரு மனுசன் பேசிட்டு உக்காந்தா தட்டுறது மரியாதை இல்லியா?"

அந்த ஊர் வழக்கமே அதுதான். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஒருத்தன் மைக்கைப் பிடித்து உளறினாலும், உட்காரும்போது தட்டிவிடுவார்கள். தட்டாவிட்டால் வந்தவன் முகம் வாடிப் போய்விடுமாம். அந்த மரியாதையைப் பிடுங்கித்தான் பூட்டாக மாட்டியிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த பத்து நாளில், குடத்தில் சுமந்து ஊற்றியும் பத்தாமல் ரெண்டு குட்டி சுருண்டு விழுந்தன.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "நாளைக்கு யாரு கையாவது தட்டுச்சோ, அந்தக் கைய ஒடிச்சுப்புடுவேன்."

பக்கத்து வீட்டு சாமிதுரைக்குத்தான் மனசு வரவில்லை. "அது எப்புடி கொளஞ்சி? பெரிய அதிகாரி, மொகம் வாடிப் போயிடாது?"

"ஆடு வாடுதே, அது ஒங் கண்ணுக்குத் தெரியலியாண்ணே?"

விழாவில் 'நிலம் தந்த தாய்' என்று மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்குப் பொன்னாடை நீட்டினார்கள். "வெயிலுக்கு எனக்கு முந்தானை போதும்" என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி ரொம்ப நேரம் பேசினார். உட்கார்ந்தார்.

ஒரு சத்தமில்லை. மணிவண்ணன் மட்டும் தட்டினான். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

"என்ன, யாருக்கும் பிடிக்கலையா?" என்று கேட்டார் அதிகாரி.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். "போன தடவ தட்டுனோம், சார். வழிய அடைச்சிட்டீங்க. இன்னிக்கும் தட்டுனா, இருக்குற வூட்டையும் கேப்பீங்க. ஆடு எறங்க அந்தச் சரிவ வுடுங்க."

அதிகாரி மணிவண்ணனைப் பார்த்தார். அவன் டைனோசரைப் பார்த்தான்.

"ஆடு போக வழி விடச் சொல்றேம்மா" என்று மறுபடி எழுந்து மைக்கிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பழக்க தோஷத்தில் சாமிதுரையின் இரண்டு கையும் மேலே எழும்பின. கொளஞ்சியம்மாள் எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எறக்குண்ணே கைய. மொதல்ல அந்தக் கேட்டத் தொறக்கட்டும்."