கீரிக்குட்டிக்கு வெள்ளை போன கதை

நான் ஒரு வேலைக்கு உதவப் போனால் அது இரண்டு வேலையாகிவிடும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அம்மாவுக்குத் தெரிந்த உதவிகள் எல்லாம் சில்லறை. பெரிய உதவியை நான் ஒன்பது வயதில், அவள் கண்ணுக்குத் தெரியாமல் செய்து முடித்துவிட்டேன்.

அது முழு ஆண்டு விடுமுறை. அப்புச்சி வீட்டில், அதாவது அம்மாவின் அப்பா வீட்டில் இருந்தேன். பகலெல்லாம் என்னை மேய்க்க ஆள் இல்லை என்று, அம்மாவின் தங்கையான சித்தி தன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். திருப்பூர் பக்கத்து முதலிபாளையத்தில் பனியன் துணியில் படம் அச்சடிக்கும் ஒரு யூனிட். கீழே நீள நீளமான மேஜைகள், இங்க் வாடை, ஹிந்திப் பாட்டு. மேலே ஏசி போட்ட சின்ன அறை. அங்கேதான் சித்தி கம்ப்யூட்டரில் படம் வரைவாள். அந்த ஏசிக்காகவே நான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் படத்தை அப்படியே பார்த்து வரைவதுதான் அவள் வேலை. அவர்கள் முயலின் காது நம் கையில் ஒரு நூல்கூட நீளக் கூடாது. இரண்டு வருடமாக அடுத்தவர் முயலையும் கரடியையும் வரைந்து அலுத்துப்போன சித்தி, மழைக்கோட்டு போட்ட ஒரு கீரிக்குட்டியைச் சொந்தமாக யோசித்து முதலாளியிடம் காட்டினாள். "செரிங்க, ஒரு சாம்பிள் அடிங்க, பையருக்கு அனுப்பிப் பாக்கலாம்" என்றார் அவர். பையர் என்பவர் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு திருப்பூரை ஆட்டிவைக்கும் கடைக்காரர்.

வீட்டிலும் அந்தக் கீரிக்குட்டியை நம்பி ஒரு விஷயம் இருந்தது. அப்புச்சி சேவூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். சித்தி ஒரு மாதம் அழுததில் அப்புச்சி கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். "உன்ற படத்தை அவங்க எடுத்துக்கிட்டா, நானே வேண்டாம்னு சொல்லிப்போடறேன். இல்லீன்னா நீ மறுபேச்சுப் பேசப்படாது சாமி" என்று சொல்லியிருந்தார். அப்புச்சி வாக்கு மாற மாட்டார், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும்.

கீரிக்குட்டி உருவானதை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேஜையில் ஒரு கறுப்புப் பலகை, அதன் மேல் மையில்லாத பேனா. இங்கே தேய்த்தால் அங்கே திரையில் கோடு விழும். முதலில் வெறும் கிறுக்கல். அதன் மேல் கண்ணாடித் தாள் வைத்த மாதிரி ஒரு லேயர் போட்டுச் சுத்தமான கோடு. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேயர். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், ஊற்றிய மஞ்சள் மழைக்கோட்டுக்குள் நிற்காமல் வெளியே ஓடித் திரை முழுவதும் பரவிவிடும். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டையைத் தேடுவாள். மொத்தம் ஆறு நிறம்தான், அதற்கு மேல் கிடையாது. கீழே ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது வலை கட்டிய அச்சுச் சட்டம், வைத்து அடிக்க வேண்டுமே.

வேலைக்கு நடுவே கிறுக்கல்களை அழித்துக்கொண்டே வருவாள். "வேண்டாத லேயரை அப்பப்ப எடுத்துப்போடோணும் கண்ணு. இல்லீன்னா கீழ இருக்கறவங்க கொழம்பிக்குவாங்க" என்பாள்.

நாலாம் நாள் காலை படம் முடிந்தது. துணி வெட்டச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சித்தி கீழே போனாள். நான் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் அடையாளம் இருக்கும். அதைத் தொட்டால் அந்த நிறம் மறையும். மஞ்சளைத் தொட்டேன், மழைக்கோட்டு போயிற்று. பழுப்பைத் தொட்டேன், உடம்பே போயிற்று. எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துவிட்டு ஆறாவதைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சரி, இது சித்தி எடுத்துப்போட மறந்த வெற்று லேயர் என்று முடிவு செய்து, அதை அழித்து, அவள் செய்வதைப் போலவே சேமித்தும் வைத்தேன். என் பொறுப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சித்தி அவசரமாக வந்து, லேயர்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் படத்தைக் கீழே அனுப்பினாள். சாயங்காலம் கூரியர் போவதற்குள் சாம்பிள் வேண்டும்.

ஐந்து மணிக்கு முதல் துண்டு வந்தது. துணி கருநீலம். மழைக்கோட்டு பாசி பிடித்த நிறத்தில் இருந்தது. உடம்பு இருட்டுக்குள் போய்விட்டது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீலக் குழி. பிரிண்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்து ஆள். "அஞ்சு நெறந்தாம்மா வந்துச்சு. வெள்ள இல்லியேன்னு நானும் பாத்தேன். புது ஸ்டைல் போலுக்குன்னு அடிச்சிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

முதலாளி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது கீரிங்களா, கரிச்சட்டிங்களா?"

சித்தி மேலே ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். திரையின் ஓரத்தில், செய்த ஒவ்வொரு காரியத்தையும் கம்ப்யூட்டர் வரிசையாக எழுதி வைத்திருக்கும். அதன் கடைசி வரிகளைப் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன்.

"தண்ணி குடிச்சுக்கோ கண்ணு, விக்கிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

"நாந்தானுங்க. வெள்ளைய மறந்துட்டனுங்க" என்று அவள் முதலாளியிடம் சொன்னது, பின்னால் படியிறங்கிய என் காதில் விழுந்தது.

கருநீலத் துணியில் முதலில் வெள்ளையை அடித்தால்தான் அதன் மேல் மற்ற நிறம் எடுபடும். அதை மறப்பது, உலை வைக்காமல் சோறு வடிக்கப் போவது மாதிரி. நேற்றுச் சேர்ந்தவன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முதலாளி திட்டவில்லை. "செரிங்க. இனி அவங்க அனுப்பற படத்தையே பாருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். மறுபடி அடிக்க நேரம் இல்லை, கூரியரில் வேறு யாரோ வரைந்த வாத்து போயிற்று.

நான் அழித்தது வெற்று லேயர். சித்தி மறந்தது வெள்ளை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு பெரியவளே இப்படி மறக்கிறாளே என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "சித்தி வெள்ளைய மறந்துட்டாங்க! கீரிக்குக் கண்ணே இல்லீங்க அப்புச்சி!" என்று கத்தினேன். அம்மாவின் தம்பியான மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் குருட்டுக் கீரி மாதிரி நடந்து காட்டினேன். சித்தியும் சிரித்தாள்.

அப்புச்சி மட்டும் சிரிக்காமல் சித்தி பக்கம் திரும்பினார். "நெசந்தானா சாமி?"

"ஆமாங்கப்பா."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கெழமை அவங்கள வரச் சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்கப்பா."

பல வருடம் கழித்து, கல்லூரியில் படிக்கும்போது, கம்ப்யூட்டரில் நானே வரைந்த ஒரு படத்தின் வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கினேன். வெற்றிடம் என்று நினைத்திருந்த இடத்திலெல்லாம் வெள்ளை பளிச்சென்று எழுந்து நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். யூனிட்டில் எனக்காக அவள் சொன்ன ஒரு பொய்யை, நான்தான் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து அப்புச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பலகாரம் செய்வார்கள் என்பதுதான். என்ன பலகாரம் என்று சித்தியிடமே போய்க் கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்றாள்.

அதிரசம் என்றேன்.