இரண்டாம் முறை பிரித்த ஏலக்காய்

இன்று காலை கம்பத்தில் குடித்த டீயில் இருந்த ஏலக்காயின் மணம், இப்போது திருமண மண்டபமாகிவிட்ட ஒரு தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே அம்மாவும் பத்துப் பெண்களும் முறத்தை மடியில் சாய்த்து, பச்சை, வெளிறியது, வெடித்தது என்று ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சலசலப்பு நாள் முழுக்கக் கேட்கும். நாடெங்கும் வியாபாரம் படுத்த வருஷம், சனங்கள் செலவைச் சுருக்கியதால் வடக்கத்தி வியாபாரிகள் வருவது நின்று, விலை விழுந்து, மலைத்தோட்டங்களில் காயைப் பறிக்காமலே விட்டார்கள். பக்கத்துக் கொட்டகைகளைப் பூட்டினார்கள். எங்கள் கொட்டகையில் மட்டும் வேலை நிற்கவில்லை.

பள்ளி விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், முந்தின நாள் பார்த்த ஒட்டிப்பிறந்த இரட்டைக் காய் மறுபடி அவள் முறத்தில் கிடப்பதைக் கண்டு, "இது நேத்துப் பிரிச்சதுதானம்மா?" என்றேன்.

எதிரே இருந்த பஞ்சவர்ணம் அத்தை, "பொண்ணு பாத்துட்டுப் போன மாப்ள திரும்ப வந்திருக்காக பாருடி" என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்காமல் என் காதருகே குனிந்தாள். "மெதுவாப் பேசு ஆத்தா. நமக்கு வேலை இருக்கணும்னு முதலாளி விடியக்கால வந்து, பிரிச்சத அவுகளே மறுபடி கலந்து வைக்கிறாக. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுகளுக்குக் கூச்சமாப் போகும்."

அந்த வருஷம் கம்பத்திலேயே மிக நிதானமாக ஏலக்காய் பிரித்தவர்கள் அந்தப் பெண்கள்தான். எங்கள் வீட்டில் உலை வைக்காத நாள் ஒன்றுகூட இல்லை.