நடுவில் விட்ட வெளி

போரில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு வந்த அடுத்த வருடம் எங்களுக்கென்று ஒரு துண்டுக் காணி கிடைத்தது. என் கணவர் யாழ்ப்பாணத்தில் கட்டிடங்களுக்குப் படம் கீறியவர். அங்கே எல்லாம் சீமெந்தும் கம்பியும். இங்கே பொருளாதாரத் தடை, அவை வராது. மண்ணும் காட்டுத்தடியும் தென்னோலைக் கிடுகும்தான்.

பத்து நாள் வெறுங்காணியில் தடியொன்றை நட்டு அதன் நிழலைக் குறித்துக்கொண்டு திரிந்தார். பிறகு மகளின் கொப்பியில் வீட்டைக் கீறிக் காட்டினார். நாலு பக்கமும் அறைகள், நடுவில் ஒன்றுமில்லை, கூரைகூட. எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற இடத்தில் பாதியை வானத்துக்கு விடுவதா என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய் இல்லாத ஊரில அறைக்கு அறை வெளிச்சம் வேணுமெண்டா வேற வழியில்லை. இருந்து பாரும்" என்றார்.

சுவர் வைத்தது பக்கத்துக் காணிக்காரி. மலையகத்திலிருந்து சிறுவயதில் வந்தவள். மழை வந்தால் வீடு குளமாகிவிடும் என்று அவளும் என் பக்கம் நின்றாள். அவர் நடு முற்றத்தை ஒரு முழம் தாழ்த்தி, தண்ணீர் வாழைகளுக்குப் போக வாய்க்கால் வெட்டினார்.

குடிபுகுந்த மறுநாள் காலை குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தின் எதிர்ச்சுவரில் வெயில் இறங்கி, அங்கிருந்து மெதுவாக என்னிடம் வந்தது. சுளகில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு வருடமாக முன்பிருந்த கொட்டிலின் இருட்டில் கைத்தடவலில் சமைத்தவள் நான். கடைசி அறையில் மகள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க வேலையில்லாமலே அறை அறையாக நடந்தேன். வெளிச்சமும் எங்களோடு அறை மாறிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கயிறு கயிறாக விழுந்தது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்து விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. வாய்க்கால் இரைந்து இழுத்தது.

வெள்ளம் புகுந்திருக்கும் என்று நினைத்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி வந்தாள் பக்கத்துக் காணிக்காரி. வாசலில் அப்படியே நின்றாள். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"வீட்டுக்குள்ள உக்காந்து மழை பாப்பேன்னு நெனைக்கவே இல்லக்கா" என்றாள்.

எதிர்த் தாழ்வாரத்தில் அவரும் மகளும் இருந்தார்கள். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் வானம் விழுந்துகொண்டிருந்தது; ஒருவரும் நனையவில்லை. தனக்கும் இப்படிச் சின்னதாய் ஒன்று கீறித் தரவேண்டுமென்று அவள் அவரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். எழும்பி, மகளின் கொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு தேத்தண்ணி போடப் போனேன்.